கணக்கும் பக்குவமும்

தாத்தாவின் கணக்கு நோட்டு என் மேசையில் இருக்கிறது. நீள நோட்டு, சிவப்புத் துணி அட்டை. 1930 தை மாதம் தொடங்கி 1931 ஆவணி வரை எங்கள் வீடு எழும்பிய செலவு முழுவதும் அதில் உண்டு. தேக்குச் சட்டம் பத்தொன்பது. வண்டி வண்டியாக வந்த சுண்ணாம்பு, மணல், தட்டோடு. கடுக்காய்க்கு ஒரு வரி, வெல்லத்துக்கு ஒரு வரி. தளம் அடிக்க வந்த பெண்கள் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் கூலி, அணா பை சுத்தமாக. நிலை வைத்த அன்றைக்கு ஆசாரிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்ததுகூட இருக்கிறது.

சுண்ணாம்புக்கு மணல் எவ்வளவு சேர்த்தார்கள் என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. கடுக்காய் எத்தனை நாள் ஊறியது என்பது இல்லை. கூலியைக் கூட்டிப் பார்த்தால் கூடத்துத் தளத்தை ஒன்பது நாள் அடித்தார்கள் என்று தெரிகிறது. எதைப் பார்த்து, எதைக் கேட்டு ஒன்பதாம் நாள் ‘போதும்’ என்று நிறுத்தினார்கள் என்பது தெரியவில்லை. கணக்கு இருக்கிறது, பக்குவம் இல்லை.

தாத்தாவைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் ரசம் வைக்கும் பக்குவத்தை யாராவது எழுதி வைக்கிறார்களா? தெருமுனையில் நின்று கூப்பிட்டால் பத்துக் கொத்தனார் வரும் காலம் அது. பத்துப் பேருக்கும் சுண்ணாம்பு தெரியும். இன்றைக்கு எங்கள் சுற்றுவட்டாரத்தில் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் என்று நான் கைகாட்டக்கூடியவர் ஒரே ஒருவர். எழுபதைத் தாண்டியவர். அவர் கை பேசுவதை நான் எழுதுகிறேன். பத்து வருடத்தில் ஏழு நோட்டு நிறைந்திருக்கிறது.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவன். 2014-இல் ஓய்வு பெற்றதும் ஊருக்கு வந்துவிட்டேன். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில், காவிரியின் தென்கரையில் ஊர். வீடு பழைய தஞ்சாவூர் வகை: திண்ணை, நடை, முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், இரண்டாம் கட்டு, கிணற்றடி, கொல்லை. முன்கட்டு மெட்ராஸ் டெரஸ் தளம், பின்கட்டு நாட்டு ஓடு. வந்து பார்த்தபோது கூடத்துச் சுவர் ஆறடி உயரத்துக்கு ஓதம் காத்து நின்றது. தொட்டால் பூச்சு பொருக்குப் பொருக்காக விரலோடு வந்தது.

அந்த ஓதம் எங்கள் கையால் வந்தது. 1994-இல் அப்பா வீட்டைப் புதுப்பித்தார். அப்போது சுவரின் அடிப்பகுதி இரண்டடிக்குக் கொஞ்சம் ஈரமாக இருந்தது. அதை ‘நிரந்தரமாக’ அடைத்துவிடலாம் என்று தரையிலிருந்து நாலடிக்குச் சிமெண்ட் பூச்சுப் பூசச் சொன்னார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. சுண்ணாம்பு வைத்துக் கட்டிய செங்கல் சுவர் தரையிலிருந்து நீரை உறிஞ்சும், அதே வேகத்தில் தன் மேனியெங்கும் அதை ஆவியாக விடும். மேனியில் நாலடியை மூடிவிட்டோம். நீர் என்ன செய்யும்? வெளியேற வழி தேடி மேலே ஏறியது. சிமெண்ட் முடிந்த இடத்துக்கு மேலே போய் மூச்சு விட்டது. அங்கே நீர் ஆவியாகி, கொண்டுவந்த உப்பு தங்கி, பூத்து, பூச்சைத் தள்ளியது. இருபது வருடத்தில் இரண்டடி ஈரம் ஆறடி ஆனது இப்படித்தான்.

சிமெண்டின் மேல் எனக்குப் பகை கிடையாது. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1824-இல். இந்தியாவில் அதைச் செய்து பார்க்கும் முதல் முயற்சி 1904-இல் நம் சென்னையில்தான் நடந்தது. தாத்தாவின் நோட்டிலேயே ‘சிமெண்ட் 6 மூட்டை’ என்று ஒரு வரி இருக்கிறது, கூடத்துச் சிவப்புத் தரைக்கு. தரையில் அது இன்றும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. எந்த இடத்துக்கு எது என்று அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது. அப்பாவும் நானும் அதை இழந்திருந்தோம். அதைவிட எனக்கு உறுத்திய ஒன்று உண்டு. 1994-இல் என்ன பூசினோம், எந்தச் சுவரில், எவ்வளவு கனத்தில் என்று ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. சுவரை உளியால் தட்டித் தட்டி, சத்தம் மாறுகிற இடத்தைப் பென்சிலால் குறித்து, நாங்கள் செய்ததை நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பென்சில் கோடுகளின் வரைபடம்தான் என் முதல் நோட்டின் முதல் பக்கம்.

பழைய வீட்டைப் பழுதுபார்க்கிறவர்கள் எல்லோரும் இப்போது படம் எடுக்கிறார்கள். ‘முன்னால்’ ஒரு படம், ‘பின்னால்’ ஒரு படம். பார்க்க அழகாக இருக்கும். அடுத்து வீட்டில் கைவைக்கப் போகிறவருக்கு அந்த இரண்டும் பயன்படாது. அவருக்கு வேண்டியது நடுவில் எடுக்காமல் விட்ட நூறு படங்கள். சுவரைத் திறந்தபோது உள்ளே என்ன இருந்தது, சட்டத்தின் நுனி சுவருக்குள் எத்தனை அங்குலம் போயிருந்தது, மின்கம்பிக் குழாய் எந்தப் பக்கமாகத் திரும்புகிறது. மூடிவிட்டால் மறுபடி தெரியாத எல்லாவற்றையும் மூடும் முன்பு எடுக்க வேண்டும். கொத்தனார் கரண்டியோடு நிற்பார், கலவை இறுகிக்கொண்டிருக்கும், ‘சார், தள்ளிக்குங்க’ என்பார். அந்த ஒரு நிமிடத்தைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். எனக்கு அது கைவர இரண்டு வருடம் ஆயிற்று.

பள்ளிக்கூடச் சிலேட்டு ஒன்று வைத்திருக்கிறேன். தேதி, அறை, எந்தத் திசைச் சுவர், தரையிலிருந்து எத்தனை அடி என்று சாக்பீஸால் எழுதிப் படத்துக்குள் நிறுத்துவேன். பக்கத்தில் ஒரு மர ஸ்கேல். கூடத்தில் நான் நின்று படமெடுக்கும் இடத்தில், தரையில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் அதே பொட்டில் நின்று அதே சுவரை எடுத்தால், ஓதத்தின் விளிம்பு இறங்குவது தெரியும். காலை ஏழு மணி வெயில் முற்றத்து வழியாகச் சுவரை உரசிக்கொண்டு சாய்வாக விழும்போது, நடுப்பகலில் தெரியாத வீக்கமெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். உள்ளே பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிற இடங்கள் அவை. உச்சி வெயிலில் எடுத்த படத்தை நம்பி ஒரு முறை நல்ல பூச்சைக் கொத்திவிட்டேன். அதுவும் நோட்டில் இருக்கிறது.

சுவரின் சிமெண்டை உரித்தபின் ஒரு முழுக் கோடையும் அதை அப்படியே விட்டோம். வீட்டுக்கு வந்தவர்கள் பணம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்கள். சுவர் காய்ந்துகொண்டிருந்தது. வாரம் ஒரு முறை பூத்த உப்பைத் தேங்காய்நார்த் தூரிகையால் தட்டி, வீட்டுக்குள் விழாமல் முறத்தில் பிடித்துக் கொல்லைக்கு அப்பால் கொட்டினோம்.

அதன் பிறகுதான் சுண்ணாம்பு. அரியலூர்ப் பக்கத்துக் கல். அந்த நிலத்தைத் தோண்டினால் கடற்சிப்பிகளின் படிமம் கிடைக்கும். எந்தக் காலத்திலோ கடலாக இருந்த பூமி. அந்தக் கல்லைக் காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரிக்குச் சுட்டால் உள்ளேயிருக்கும் கார்பன் டை ஆக்சைடு போய்விடும். சுட்ட கல்லைத் தண்ணீரில் போட்டால் கொதித்துச் சீறி நீறும். நீறிய சுண்ணாம்பு சுவரேறிய பிறகு, போன வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கி மறுபடியும் கல்லாகும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதச் சொல்லுவேன். தெளிந்த நீர் அவர்கள் மூச்சுப் பட்டுப் பால்போல் வெளுக்கும். முப்பது வருடம் அதைச் செய்துகாட்டியிருக்கிறேன். அதே காரியத்தை என் வீட்டுச் சுவர் தொண்ணூறு வருடமாகச் செய்துகொண்டிருந்தது என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் மனதில் தைத்தது.

தெரிந்தும் முதல் பூச்சைக் கெடுத்தேன். 2015 சித்திரை, தெற்குப் பக்க வெளிச்சுவர். கொத்தனார் அந்த வாரம் வேறு ஊருக்குப் போயிருந்தார். சித்தாளை வைத்துக்கொண்டு நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நல்ல வெயிலில் பூச வைத்தேன், ஈரச் சாக்குத் தொங்கவிடவில்லை. நாலாம் நாள் மயிரிழை வெடிப்பு. எட்டாம் நாள் உள்ளங்கையால் தேய்த்தால் மாவாகக் கொட்டியது. சுண்ணாம்பு அந்த வாயுவை வாங்க வேண்டுமானால் கொஞ்சம் ஈரம் வேண்டும், ஈரத்தில் கரைந்துதான் வாயு உள்ளே போகும். சீக்கிரம் காய்ந்த பூச்சு இறுகாது, வெறுமனே உலரும். அந்தப் பக்கத்தில் காரணத்தை எழுதி, உதிர்ந்த மாவில் ஒரு சிட்டிகையைச் சின்னப் பொட்டலமாக மடித்து ஒட்டியிருக்கிறேன்.

இரண்டாவது முறை சாக்குக் கட்டி, இரண்டு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். நாலு மாதம் கழித்து ஒரு மூலையில் சிறு துண்டை உடைத்து, உடைந்த முகத்தில் பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டேன். பள்ளிக்கூட ஆய்வகத்தில் காரத்தைக் காட்டிக்கொடுக்கும் அதே திரவம். வெளிப்புறம் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு வெள்ளை மாறாமல் இருந்தது, அதற்கு உள்ளே நல்ல ரோஜா நிறம். வெள்ளை வரைக்கும் கல்லாகிவிட்டது, ரோஜா இன்னும் சுண்ணாம்பு. கொத்தனார் அந்தத் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘வெளியில வெந்திருக்கு, உள்ள வேகல. எங்கப்பா இதைத்தான் நகத்தால கீறிச் சொல்லுவாரு’ என்றார். அவர் எப்படிக் கீறினார் என்று கேட்டு, பினாப்தலீன் குறிப்புக்குக் கீழேயே அதையும் எழுதினேன். கட்டைவிரல் நகம், பூச்சின் உட்பக்கத்தில், அழுத்தாமல். கோடு விழுந்தால் வேகவில்லை, நகம் வழுக்கினால் வெந்தது.

கூடத்துச் சுவரில் இன்னொரு வேலையும் செய்தேன். எமல்ஷனைச் சுரண்டும்போது கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சில்லு முழுசாகப் பெயர்ந்து வந்தது. அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வெங்காயச் சருகு மாதிரி அடுக்கு. ஒவ்வொரு பொங்கலுக்கும் அடித்த வெள்ளை. நீலம் கூடிப்போன வருடம் ஓர் அடுக்கு லேசாக ஊதாவாக ஓடுகிறது. குண்டூசி முனையால் எண்ணினேன். அடியிலிருந்து இருபத்திரண்டாவது வெள்ளைக்கு மேல் மற்ற கோடுகளைவிடக் கனமாக ஓர் அழுக்குக் கோடு. இரண்டு வருடத்துப் புகையும் தூசியும். வீடு முடிந்த ஆவணியில் ஒரு வெள்ளை, 1932 முதல் 1952 வரை பொங்கலுக்கு இருபத்தொன்று. தாத்தா காலமானது 1952 ஐப்பசியில். துக்க வருடம் பொங்கல் இல்லை, வெள்ளையடிப்பும் இல்லை.

வேறு சில்லுகளில் எண்ணிக்கை ஒன்றிரண்டு முன்பின்னாக வந்தது. மழை அடித்த இடம், கை பட்டுத் தேய்ந்த இடம் என்று இருக்கத்தானே செய்யும். அழுக்குக் கோடு மட்டும் எல்லாவற்றிலும் இருந்தது. கூடத்து வடக்குச் சுவரில் ஒரு சாண் அகலத்துக்கு அந்த அடுக்குகளைச் சுரண்டாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

இந்த வேலையில் நான் தனியாள் இல்லை. ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். ஒருவர் நோட்டை மற்றவர் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்வோம், ஒருவர் வீட்டுத் தளத்தைத் திறக்கும்போது முடிந்தவர்கள் போய் நிற்போம். புதுச்சேரியில் தமிழர் தெரு ஒன்றில் ஒரு தம்பதி. கீழே திண்ணையும் மரத்தூணுமாகத் தமிழ்க் கட்டு, மேலே வளைவு ஜன்னலும் பக்கத் தூண்களுமாகப் பிரெஞ்சுக் கட்டு, அந்த ஊருக்கே உரிய கலப்பு. மேல்மாடியின் பாரம் கீழே எந்தத் தூணில் எப்படி இறங்குகிறது என்று அந்த அம்மா வரைந்த படங்களைப் பார்த்துத்தான் நான் வரையக் கற்றுக்கொண்டேன். செட்டிநாட்டில் ஒரு நண்பர், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த மேல்பூச்சை வழுவழுவென்று தேய்த்து எடுக்கும் வேலையை மீட்டுக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு சோதனைக் கலவையிலும் ஒரு ரூபாய் நாணயம் அளவு வில்லை செய்து, காயவைத்து, அட்டையில் ஒட்டி, கீழே சேர்மானம் எழுதியிருக்கிறார். நாற்பதுக்கு மேல் வில்லைகள். சரியாக வந்தது மூன்றோ நாலோ. மற்றவற்றை ஏன் எறியவில்லை என்று கேட்டேன். ‘எறிஞ்சா அடுத்தவன் மறுபடி அதையே செய்வானே’ என்றார்.

அவரைப் பார்க்கப் போன ஒரு நாள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இரண்டு மரத்தூண்கள் வாங்கினேன். எங்கள் தாழ்வாரத்தில் இரண்டைக் கரையான் தின்றிருந்தது. அந்தத் தெருவில் இடித்த வீடுகளின் கதவும் நிலையும் தூணும் கண்ணாடியும் கடை கடையாக நிற்கும். எந்த ஊர்த் தூண் என்று கேட்டேன். கடைக்காரருக்குத் தெரியவில்லை. வாங்கிவிட்டேன். ஊர் சொல்லத் தெரியாத தூணை வாங்கியிருக்கக் கூடாது என்று இன்றைக்குத் தோன்றுகிறது. என்னால் முடிந்தது, தூண்களை நிறுத்தும் முன் உயரம், சுற்றளவு, போதிகை அமரும் குழியின் ஆழம், பழைய ஆணித் துளைகள் இருக்கும் இடம், ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்த பச்சைச் சாயம் எல்லாவற்றையும் அளந்து எழுதியதுதான். அந்த வீட்டில் விளையாடிய யாரிடமாவது பச்சைத் தூணில் சாய்ந்தபடி எடுத்த படம் ஒன்று இருக்கலாம்.

கூடத்துத் தளம் 2019 மாசியில் திறந்தோம். பதினான்காம் சட்டத்தின் மேற்கு நுனிக்கு நேராக ஒழுக்கு. மெட்ராஸ் டெரஸை வெட்டிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குச் சட்டம். அதன் மேல் ஆறுக்கு மூன்று, ஓர் அங்குலக் கனத்தில் சன்னமான செங்கல், படுக்கவைக்காமல் குத்தாக, சட்டங்களுக்குக் கோணலாக, வரிசை வரிசையாக. அடியில் பலகை முட்டுக் கிடையாது. ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசையின் தோளைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்பின் பசையிலேயே நிற்கும். அதற்கு மேல் மூன்றங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் அடித்த தளம், அதன் மேல் தட்டோடு. சட்டங்களில் ஆசாரி உளியால் போட்ட வெட்டுக் குறிகள் இருந்தன. ஒன்று முதல் பத்தொன்பது வரை வரிசை மாறவில்லை. தாத்தாவின் நோட்டில் ‘தேக்குச் சட்டம் பத்தொன்பது’ என்று படித்த எனக்கு, அந்தப் பத்தொன்பதாவது வெட்டை விரலால் தடவியபோது கண் கலங்கிவிட்டது.

பதினான்கின் நுனி சுவருக்குள் எட்டங்குலத்துக்குத் தவிடாகியிருந்தது. ஈரச் சுவருக்குள் காற்றில்லாமல் புதைந்த நுனி. கெட்டதை அறுத்து, பழைய தேக்கையே ஒட்டுப் போட்டுப் போல்ட்டு முறுக்கினோம். சுவரில் புதையும் இடத்தில் சுற்றிலும் விரலளவு சந்து விட்டோம், கலவை வைத்து அடைக்கவில்லை. அந்தச் சந்தை யாராவது ‘விட்டுப்போனது’ என்று நினைத்து அடைத்துவிடக்கூடும் என்பதால் அதன் காரணத்தை நோட்டில் மட்டுமல்ல, சட்டத்தின் பக்கவாட்டிலும் பெயிண்டால் எழுதியிருக்கிறேன்.

தளம் அடிக்க ஐந்து பெண்கள் வந்தார்கள். கையில் மரக் கட்டை. குந்தி உட்கார்ந்து வரிசையாக அடித்துக்கொண்டே நகர வேண்டும். இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரைத் தெளிக்க வேண்டும். அந்த வாசனை ஒரு வாரம் கூடத்தை விட்டுப் போகவில்லை, கள்ளும் தோலும் கலந்தது மாதிரி. முதல் நாள் சத்தம் ‘பொத் பொத்’ என்றது. மூன்றாம் நாள் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆறாம் நாள் மத்தியானம் அவர்களில் மூத்த அம்மா கையை நிறுத்தி, ‘அய்யா, இங்க வந்து காது குடுங்க’ என்றார். அவர் அடித்த இடம் ‘ணங்’ என்றது. கட்டை தானாகத் துள்ளி எழும்பியது. ஒரு முழம் தள்ளி அடித்தார், அங்கே இன்னும் ‘பொத்’. ‘அது சொல்ற வரைக்கும் அடிக்கணும்’ என்றார். எட்டாம் நாள் காலையில் தளம் முழுக்க ஒரே குரலில் பேசியது.

தாத்தாவின் கணக்கில் விட்டுப்போன வரி அதுதான் என்று அன்று நினைத்தேன். சத்தத்தை எப்படி எழுதுவது? முதல் நாளும் நாலாம் நாளும் எட்டாம் நாளும் கைபேசியில் பதிவு செய்த சத்தம் என்னிடம் இருக்கிறது. அது போகப் பக்கத்தில் எழுதியது: ‘கட்டை துள்ளும். பள்ளம் விழாது. விரற்குழியில் விட்ட தண்ணீர் நிற்கும்.’

எழுதிய பக்கங்களைக் கொத்தனாருக்குப் படித்துக் காட்டுவது என் வழக்கம். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், ஆனால் கேட்பதுதான் பிடிக்கும். தளம் முடிந்த மாலை, திண்ணையில் டீயோடு உட்கார்ந்து கலவைப் பக்கத்தைப் படித்தேன். ஜல்லிக்குச் சுண்ணாம்பு இத்தனை, கடுக்காய் ஊறியது பன்னிரண்டு நாள், தெளித்தது இத்தனை குடம். கண்ணை மூடிக் கேட்டவர், முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

‘எல்லாம் சரிதான் சார். ஆனா இது மாசிக்குச் சரி. ஐப்பசியில ஒருத்தன் இதைப் பாத்துச் செஞ்சா கெட்டுப்போயிடும். மழைக்காத்துல கடுக்காத் தண்ணி வேற மாதிரி புளிக்கும், தெளிக்கிற அளவும் கொறையும். அதையும் எழுதுங்க.’

‘எவ்வளவு குறையும்?’

‘ஐப்பசியில ஒரு சின்ன இடம் போட்டுப் பாக்கலாம். கிணத்தடி மேடை இருக்குல்ல, அங்க.’

நோட்டில் அந்தக் கலவைக்கு எதிர்ப்பக்கத்தில் ‘மழைக்காலம், கிணற்றடி மேடை’ என்று தலைப்பிட்டு, கீழே முழுப் பக்கத்தையும் காலியாக விட்டேன்.